காதால் சோதிக்கப்பட்ட என் லாரி

அனுப்புநர்:
வீடு மாற்றும் லாரியின் உரிமையாளர் (ஓட்டுநரும் அவரே),
கிடங்குத் தெரு, பழைய அச்சகத்தின் எதிர் வரிசை.

பெறுநர்:
வாகனத் தகுதி அலுவலர் அவர்கள்,
போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: புகைக்குழாயில் முறைகேடு செய்ததாக என் லாரியைப் பறிமுதல் செய்ததும், அம்முறைகேட்டைச் செய்தவரிடமே நிபுணர் கருத்து பெற்றதும் – பதிவை ரத்து செய்யும் முன் நேரில் சோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகப் பின்முற்றத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நிற்கும் பச்சை நிறப் பழைய பெட்ரோல் லாரி என்னுடையது. வியாழக்கிழமை விசாரணையில் அதன் பதிவை ரத்து செய்து, பழைய இரும்புக்காக உடைப்புக்கு அனுப்ப உத்தேசித்திருப்பதாக எனக்கு அறிவிப்பு வந்துள்ளது. எனக்கு வேறு வண்டி இல்லை. வேறு தொழிலும் இல்லை. நான் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். அந்தப் பட்டத்துக்குரிய வேலை எனக்குக் கிடைக்காமல் யாருடைய மருமகனுக்குக் கிடைத்தது என்பது இம்மனுவின் பொருள் அல்ல என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

2. மழைக்காலம் முடிந்த சமயம், கோளாறு இருந்தால் ஓட்டுநருக்குக் காட்டும் எஞ்சின் லைட் என் லாரியில் எரிந்தது. பாலத்தடியில் பட்டறை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஊரில் அவருக்குக் 'காது' என்று பெயர். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடி நோயைச் சொல்வார். பேரிங் தேய்ந்தால் சொல்வார், வால்வு தளர்ந்தால் சொல்வார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று அதே ஸ்குரூடிரைவரைப் புகைக்குழாயில் வைத்துக் கேட்டுவிட்டு, கன்வெர்ட்டர் போய்விட்டது என்று தீர்ப்பளித்தார். கன்வெர்ட்டர் என்பது நச்சுப் புகையைத் தீங்கு குறைந்ததாக மாற்றும் பெட்டி. அதற்கு முன்னும் பின்னும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் ஒவ்வொன்று உண்டு. ஐயா, ஆக்சிஜன் சென்சார் சத்தம் போடாது.

3. நான் பணிவாகவே எடுத்துச் சொன்னேன். எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்தில், இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டின் ஓரமாகக் கரிக்கோடு படிந்திருக்கிறது, அங்கே விரிசல். அதன் வழியே வெளிக்காற்று உள்ளே போவதால், எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று முன் சென்சார் தவறாகச் சொல்கிறது. லைட் எரிவது அதனால்தான். கன்வெர்ட்டர் கெட்டிருந்தால் பின் சென்சாரின் அளவும் முன் சென்சாரைப் போலவே ஏறி இறங்கும். சென்சார் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி இரண்டையும் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். பட்டறையின் ஸ்கேனர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது. அதன்மேல் டீ கிளாஸ் வைத்த வட்டங்கள் இருந்தன. அவர் சொன்ன பதிலைச் சொல் மாறாமல் தருகிறேன்: "மாப்ள, படிச்சவங்க வண்டி புத்தகத்துல ஓடும். இது ரோட்டுல ஓடுற வண்டி. நீங்க போய் அந்த பெஞ்சுல உக்காருங்க." பட்டறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவியும் சிரித்தாள். மனுவில் இது தேவையில்லை, ஆயினும் சேர்க்கிறேன்.

4. புதுக் கன்வெர்ட்டர் போட்டாயிற்று என்று வண்டியைத் திருப்பித் தந்தார். லைட் அணைந்திருந்தது. இரண்டு வீடு மாற்றுவதற்குள் மறுபடி எரிந்தது. அதோடு புகை கண்ணை எரித்தது. சிக்னலில் எனக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நின்ற ஒரு பெண் முந்தானையால் குழந்தையின் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னத்தப்பா ஊத்தி ஓட்டுற, மண்ணெண்ணெயா?" என்று கேட்டார். நான் வீட்டுக்கு வந்து வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தேன். கரிக்கோடும் விரிசலும் இருந்த இடத்திலேயே இருந்தன. கன்வெர்ட்டர் புதியது அல்ல; என்னுடைய பழைய பெட்டியே. மேல்பக்கம், கீழிருந்து பார்த்தால் எளிதில் கண்ணில் படாத இடத்தில், அறுத்துத் திரும்ப வெல்டிங் வைத்திருந்தார்கள். பின் சென்சார் குழாயில் நேராகப் பொருத்தப்படாமல், விரல் நீள இரும்புக் குழல் ஒன்றின் நுனியில் துருத்திக்கொண்டு நின்றது. சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்தி, பெட்டி நன்றாக இருப்பதாக அதை நம்பவைக்கும் குழல் அது. ஒரு கல்லால் பெட்டியைத் தட்டினேன். காலி எண்ணெய் டின் போல ஒலித்தது. உள்ளே தேன்கூடு போல இருந்த கட்டி முழுவதையும் இடித்து எடுத்துவிட்டார்கள். அதில் விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு என்பது, புத்தகமே படிக்காத என் மச்சானுக்கும் தெரிந்திருக்கிறது.

5. புகார் கொடுக்க நானாகத்தான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள்; கொண்டுவந்தேன். புகைப் பரிசோதகர் குழலைக் கண்டார், சாவியைக் கேட்டார், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். செய்தவர் வேறொருவர் என்றேன். "யார் செஞ்சா என்னங்க, வண்டி உங்க பேர்லதானே இருக்கு?" என்றார். திருடு போனதாகச் சொல்ல வந்தவனைத் திருடனாக்கி உட்காரவைக்கும் அலுவலகத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

6. இதற்கு மேல் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. நிபுணர் கருத்துக்காகத் தங்கள் அலுவலகம் தனது அங்கீகாரம் பெற்ற பட்டறையை அணுகியது. அது பாலத்தடிப் பட்டறை. 'உரிமையாளர் வேதியியல் படித்தவர், ஆகவே இதை அவரே செய்திருக்கக்கூடும்' என்று என் மச்சான் கருத்துத் தெரிவித்திருக்கிறார். என் படிப்பை வாழ்நாளில் முதல்முறையாக அவர் மதித்தது இந்த ஒரு வரியில்தான். இது நியாயமா என்று வீட்டில் நான் கேட்டதற்கு என் மனைவி, "எங்க அண்ணன் மேல மனு போட்டீங்கன்னா, சாப்பாட்டுக்கும் அந்த ஆபீஸ்லயே சொல்லி வெச்சுக்குங்க" என்றாள். அதையும் யோசித்தே இதை எழுதுகிறேன்.

7. நான் ஏமாற்ற நினைத்திருந்தால், லைட் மறுபடி எரியக் காரணமான விரிசலை அல்லவா முதலில் அடைத்திருப்பேன்? அது இன்றும் அப்படியே இருக்கிறது. பெட்டியைக் கழற்றி மேல்பக்கம் வெல்டிங் வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு ஜாக்கியும் இரண்டு கயிறும்தான்.

8. சென்ற வெள்ளியன்று, காவலரிடம் அனுமதி பெற்று, என் லாரியின் நிலையைப் பார்க்க அதன் அடியில் படுத்திருந்தேன். பக்கத்தில் தங்கள் அலுவலக ஜீப் நின்றது. தாங்கள் தினமும் பயணம் செய்யும் அதே வெள்ளை ஜீப். அதுவும் பாலத்தடிப் பட்டறையில்தான் பழுதுபார்க்கப்படுகிறது. நான் அதைத் தொடவில்லை. படுத்த இடத்திலிருந்தே பார்த்தேன். அதன் பின் சென்சாரும் ஒரு விரல் நீள இரும்புக் குழலின் நுனியில்தான் நிற்கிறது.

ஆகவே, வியாழக்கிழமை விசாரணையைத் தங்கள் அறையில் அல்லாமல் பின்முற்றத்தில் நடத்துமாறும், அந்தப் பட்டறையோடு தொடர்பில்லாத ஒருவரை வைத்து என் வண்டியின் பெட்டியையும் தங்கள் வண்டியின் பெட்டியையும் அடுத்தடுத்துத் திறந்து பார்க்குமாறும் கோருகிறேன். அதுவரை பொறுக்க இயலாவிடில், இன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு கல்லை எடுத்துத் தங்கள் ஜீப்பின் பெட்டியைத் தாங்களே ஒருமுறை தட்டிப் பாருங்கள். அதற்குக் காது போதும். காலி டின் போல ஒலித்தால், உடைப்புக்குப் போக வேண்டியது என் லாரி மட்டும்தானா என்பதைத் தாங்களே முடிவு செய்து எனக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தங்கள் அலுவலக வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடை
நாள்: விசாரணைக்கு முந்தைய திங்கட்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
பச்சை லாரியின் உரிமையாளர் – இன்றுவரை