சரி சொல்லாத வீடு

ஜூன் 4

கண்ணு,

புது ஆஸ்பத்திரி வேலை எப்படி இருக்கு? நேத்து நீ கூப்பிட்டப்போ நான் பாதியில போனை வச்சதுக்குக் கோவமா இருப்பே. எல்லாம் நீ என்கிட்ட விட்டுட்டுப் போன உன் நாயாலதான். நீ வச்ச பேரு என் வாயில நுழையல. நான் சாப்பிடும்போது எதிர்ல உக்காந்து ஒவ்வொரு வாயையும் கணக்கெடுக்கிறான், அதனால 'மேனேஜர்'னு வச்சிருக்கேன்.

தட்டுல சோறு வச்சாலும் உக்காந்தே இருக்கணும், 'சரி'ன்னு சொன்னாத்தான் வாய் வைக்கணும்னு பழக்கியிருக்கே. நல்ல பழக்கம்தான். ஆனா தாயே, உலகத்துல வேற வார்த்தையே கிடைக்கலையா? உன்கிட்ட போன்ல நான் வேற என்னத்தைப் பேசறேன்? "மாத்திரை போட்டீங்களா?" சரி. "கதவைப் பூட்டிட்டுப் படுங்க." சரி. "அலையாதீங்கப்பா." சரி. முதல் சரிக்கு அவன் சோறு காலி. அடுத்ததுக்கு என் தட்டுல இருந்த முட்டை. அதுக்கடுத்ததுக்கு மேஜை மேல இருந்த ரொட்டி. ஒண்ணு சொல்லணும், உத்தரவு இல்லாம அவன் எதையும் தொடல.

அதனால இனிமே கடுதாசிதான். இதுல எத்தனை சரி எழுதினாலும் அவனுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கே அரைகுறைதான்.

உன் அப்பா
(எட்டாவது பாஸ், ஒன்பதாவது ஓட்டம்)


ஜூன் 11

அன்புள்ள அப்பா,

எக்ஸ்ரே எடுக்க ஒருத்தரை நிக்க வச்சு "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க"ன்னு சொன்ன நேரம் பார்த்து உங்க கடிதம் ஞாபகம் வந்துருச்சு. நான் சிரிக்க, அவரும் சிரிக்க, படம் ஆடிப்போச்சு. திரும்ப எடுத்தேன்.

அவனுக்குக் காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை, அவ்வளவுதான் சாப்பாடு. உங்க தட்டுல இருந்து ஒரு துண்டுகூட போகக்கூடாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் பக்கமே விடாதீங்க, அவன் உடம்புக்கு அது விஷம். சொன்னதைக் கேட்டான்னு ஏதாவது குடுக்கணும்னா நகம் அளவு போதும், அதையும் அவன் பங்குல இருந்தே எடுங்க.

வார்த்தையை இப்ப மாத்தினா குழம்பிப் போவான். நீங்கதான் வாயைக் கட்டணும். 'சரி'க்குப் பதிலா 'ம்' சொல்லிப் பழகுங்க.

உங்க மகள்


ஜூன் 23

எக்ஸ்ரே அம்மாவுக்கு,

நீ சொன்ன 'ம்' நல்லா வேலை செய்யுது. முடி வெட்டுறவர் "மீசையை எடுத்துடட்டுமா?"ன்னு கேட்டார். யோசிக்கலாம்னு 'ம்'முனு இழுத்தேன். மீசை போச்சு. வீட்டுக்கு வந்தா மேனேஜர் என்னைப் பார்த்துக் குரைக்கிறான்.

தினமும் நடக்கக் கூட்டிட்டுப் போறேன். தெருமுனை சைக்கிள் கடை வந்தா அவனே உக்காந்துடுறான். அங்க பஞ்சர் ஒட்டுற அம்மாதான் அவன் விலாவைத் தடவிப் பார்த்து, "எலும்பே கைக்குத் தட்டுப்படல, ரொம்பத்தான் ஊட்டுறீங்க"ன்னாங்க. அன்னைக்கே அளவைக் குறைச்சுட்டேன். மீசை இல்லாம நான் பத்து வயசு குறைஞ்சு தெரியுறேன்னும் சொன்னாங்க. நீ அன்னைக்குப் போன்ல அந்த ஊர்க் குளிருக்குப் போர்வை வாங்கணும்னியே, ஆகட்டும், நல்லதாப் பார்த்து வாங்கு. லீவு கிடைச்சா வர்றேன்னியே, அதுவும் ஆகட்டும். மேனேஜர் தூங்குறான், நானும் படுக்கிறேன். ஆகட்டும்.

மீசையில்லாத அப்பா


ஜூலை 2

அப்பா,

நான் எலும்பு வரைக்கும் பார்க்கிறவ. 'ஆகட்டும்'னு நம்ம வீட்ல யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. அம்மா சொன்னதில்ல, நீங்க சொன்னதில்ல. இப்ப ஒரே கடிதத்துல வரிக்கு வரி ஆகட்டும். இது யாரோட வார்த்தை?

மகள்


ஜூலை 8

கண்ணு,

மாட்டிக்கிட்டேன். இதுக்குத்தான் பொண்ணைப் படிக்க வைக்கக்கூடாதுங்கறது.

அது சைக்கிள் கடை அம்மாவோட வார்த்தை. "காத்து அடிங்க"ன்னா ஆகட்டும். "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்"னா ஆகட்டும். அவங்க வாயில 'சரி' வர்றதே இல்ல. அதனால அந்தக் கடையில மட்டும்தான் மேனேஜர் காதைத் தொங்கப் போட்டு நிம்மதியாப் படுக்கிறான். பக்கத்து ஸ்டூல்ல நானும்.

அவங்க வீட்டுக்காரர் போய் ரொம்ப வருஷமாச்சு. தனியாத்தான் கடையை இழுத்துட்டுப் போறாங்க. போன வாரம் மனசைத் திடப்படுத்திக்கிட்டு, "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணி ஒரே வீட்ல இருந்தா என்ன?"ன்னு கேட்டுட்டேன். கையெல்லாம் கிரீஸ். துடைச்சாங்க, துடைச்சாங்க, துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "உங்க பொண்ணு சரின்னா எனக்கும் சரி"ன்னாங்க.

அன்னைக்குன்னு பார்த்து அந்த வார்த்தை. மேனேஜர் எழுந்து போய் அவங்க மதியச் சாப்பாட்டு டப்பாவை வழிச்சு நக்கிட்டான்.

உன் அம்மா படம் இப்ப மாட்டியிருக்கிற மாதிரி வாசல் நிலைக்கு மேலேயேதான் இருக்கும்னு சொன்னேன். "அந்த உயரத்துக்கு உங்களுக்குக் கை எட்டாது, தூசி நான் தட்டுறேன்"னாங்க.

இனி நீதான் சொல்லணும்.

அப்பா


ஜூலை 20

கண்ணு,

பதில் இல்ல. தட்டு முன்னாடி மேனேஜர் எப்படி உக்காந்திருப்பானோ, அப்படி நான் வாசல்ல உக்காந்து தபால்காரர் வாயைப் பார்த்துட்டு இருக்கேன். அவர் பயந்து எதிர்ப்பக்கமாப் போறார். வேண்டாம்னாலும் எழுது. எச்சிலை முழுங்கிட்டு எழுந்து போகவும் எனக்குத் தெரியும்.

அப்பா


ஜூலை 27

அப்பா,

உங்க கடிதத்தைப் படிச்சதும் முதல்ல அழுதேன். அம்மா இடத்துல இன்னொருத்தரான்னு இருந்துச்சு. அதான் உடனே எழுத முடியல. அப்புறம் மொத்தக் கடிதத்தையும் எடுத்து வச்சு வரிசையாப் படிச்சேன். படிக்கப் படிக்க சிரிப்பு வந்துருச்சு.

அம்மா போனதுல இருந்து இந்தக் கடிதங்கள் வர்ற வரைக்கும் நீங்க யாரையும் கிண்டல் பண்ணினதே இல்ல, தெரியுமா? போன்ல நான் எது கேட்டாலும் சரி, சரி, சரி. அதைக் கேக்கவே எனக்குப் பயமா இருக்கும். இங்க நாய் வச்சுக்க இடம் இருக்குப்பா. உங்களுக்குத் துணையா இருக்கட்டும்னுதான் இடம் இல்லன்னு பொய் சொல்லி அவனை உங்ககிட்ட விட்டுட்டு வந்தேன். நான் விட்டது ஒரு துணை. அவன் போய் இன்னொண்ணு பிடிச்சுட்டு வந்திருக்கான்.

நீங்க கேட்டதுக்குப் பதிலைக் கடிதத்துல எழுத மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில நேர்ல வர்றேன். சைக்கிள் கடை அம்மாவையும் வரச் சொல்லுங்க. மேனேஜரோட தட்டுல சோறு வச்சு, அவனை உக்கார வைங்க. நான் வாசல்ல நின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். நீங்க என் முகத்தைப் பார்க்காதீங்க. அவன் தட்டைப் பாருங்க.

உங்க மகள்

பி.கு: மேஜை மேல எதையும் வைக்காதீங்க. ஒரு தடவையோட நிறுத்த மாட்டேன்.