அஞ்சு சேத்துக்கோங்க

சோப்பு போட்டுக் கழுவியும் கையிலிருந்து கிரீஸ் வாசம் போகவில்லை. உங்கள் அம்பாசிடரிலிருந்து நேற்றுக் கழற்றிய குட்டிப் பல்சக்கரத்தை விடாமல் உருட்டிக்கொண்டே இருந்தால் எப்படிப் போகும்? ஓரிடத்தில் உட்கார முடியவில்லைங்க. நம் மகள் காலையில் அந்த வண்டியில் தனியாக மலைக்குப் போயிருக்கிறாள். அங்கே நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. பஸ்ஸை நம்பினால் வேலைக்குப் போனமாதிரிதான். மேலே போய்விட்டால் போனும் எடுக்காது. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்து அலுத்துப்போய், உங்களைத் திட்டவாவது செய்யலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

எல்லாம் அந்த டயரால் வந்த வினை. புளி எடுக்க மலை ஊர்களுக்குப் போகும்போதெல்லாம் வண்டியின் அடிவயிறு கல்லில் உரசுகிறது என்று, ஜீப்புக்குப் போடுகிற பெரிய டயர்களை மாட்டிக்கொண்டு வந்தீர்கள். "இனிமே எந்தக் கல்லும் தொடாது பாரு" என்று ஊருக்கெல்லாம் காட்டினீர்கள். கல் தொடவில்லைதான். ஆனால் சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் ஓடும், மீட்டருக்கு அது தெரியாமல் வேகத்தைக் குறைத்தே காட்டும் என்பது நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

செங்கம் சந்தைக்குப் போன வழியில், டீக்கடையில் பஸ் டிரைவர் உங்களைப் பிடித்துக்கொண்டாரே, நினைவிருக்கிறதா? "இன்னா சார், இந்தப் பறப்பு பறக்குறீங்க?" என்றார். "நாப்பதத் தாண்டலைங்க, முள்ளப் பாத்துக்கினுதான் வந்தேன்" என்று சத்தியம் செய்தீர்கள். "ஒங்க பின்னாலயேதான் வந்தேன். என் முள்ளு நாப்பத்தஞ்சுல நிக்குது" என்றார் அவர். உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

சரி பண்ணுங்கள், சரி பண்ணுங்கள் என்று நச்சரித்தேன். "நீ பக்கத்துல ஒக்காந்திருக்கும்போது எனக்கு இன்னாத்துக்கு மீட்டரு?" என்று சிரித்தீர்கள். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் "அஞ்சு சேத்துக்கோங்க" என்பேன். நீங்கள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்குவீர்கள். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் வந்த நாள்களிலும் அந்த இரண்டு சொல் மட்டும் உண்டு. "அப்பாடா, பேசிட்டா" என்று கண்ணாடியைப் பார்த்து முணுமுணுப்பீர்கள். கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

நீங்கள் கண்ணை மூடியபின் வண்டி கொட்டகையிலேயே கிடந்தது. போன வாரம் மகள் ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனாள். மலை இறங்குகிற வளைவில் வண்டி திரும்பாமல் புதருக்குள் புகுந்து நின்றிருக்கிறது. புதருக்கு அந்தப் பக்கம் பள்ளம். வீட்டுக்கு வந்தவள், "முப்பதுலதாம்மா வந்தேன், முப்பதுலதாம்மா வந்தேன்" என்று அதையே சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நமக்கு மூச்சு விடுவதுபோல் பழகிப்போன கணக்கு. பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வளர்ந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? அன்றைக்குத்தான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

நேற்று இரண்டு பேருமாகத் திருப்பத்தூர் மெக்கானிக்கிடம் போனோம். மீட்டர் கேபிளைச் சுற்றுகிற பல்சக்கரத்தை மாற்றினால் போதுமாம். பல் குறைந்த சக்கரம் போட்டால் கேபிள் வேகமாகச் சுற்றும், முள் உள்ளபடி காட்டும் என்றார். "கழட்டிடட்டுமாக்கா?" என்று கேட்டார். "இருப்பா, டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று வெளியே போய்விட்டேன். உங்கள் வண்டியில் எனக்கென்று இருந்த ஒரே வேலை அதுதானே. அதையும் கழற்றிவிட்டால் நான் எதற்கு?

மகள் பின்னாலேயே வந்தாள். "நாளைக்கு நான் தனியாதானம்மா போவணும். நீ பக்கத்துல ஒக்காந்து சொல்லிக்கினு வருவியா?" என்றாள். திரும்பிப் போய்க் கழற்றச் சொன்னேன். மாற்றிய பிறகு ஓட்டிப் பார்த்தோம். அவள் போன் காட்டிய வேகமும் முள்ளும் ஒன்றாகவே நின்றன. வழியெல்லாம் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருங்கள், வாசலில் ஹாரன் சத்தம் கேட்கிறது.

வந்துவிட்டாள். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஒரு கீறலும் இல்லை. "மீட்டரு எப்படிடி இருக்குது?" என்று கேட்டேன்.

"கரெக்டா இருக்குதும்மா" என்று செருப்பைக் கழற்றினாள். "ஆனாலும் எறங்கும்போது அஞ்சு சேத்துக்கினுதான் வந்தேன்."

பல்சக்கரத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் அவளுக்குச் சோறு போட்டேங்க.