வால்வு செட்டைக் கேட்டு வந்தவர்கள்

தூசு கருகும் வாசனை வந்தது. நீங்கள்தான் செட்டைப் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்து அடுப்படியிலிருந்து எழுந்து வந்தேன். போட்டது நம் பேத்தி. உங்கள் காரியம் முடிந்த பிறகு துணி சுற்றிப் பரணில் வைத்திருந்த, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் நீங்கள் கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கூடத்தில் இறக்கியிருந்தாள். கூட இரண்டு பையன்கள். கறுப்பு பனியன், நெஞ்சில் மண்டையோடு. தாடி வைத்தவன் டார்ச் அடித்துச் செட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "விலைக்குக் கேக்க வர்றவன் முதல்ல முதுகத்தான் பார்ப்பான்" என்பீர்களே. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது.

பெங்களூரில் வேலை பார்க்கிறவள், பாட்டுக் குழுவும் வைத்திருக்கிறாள். டூம் மெட்டலாம், ஸ்லட்ஜாம், மெதுவாக இழுத்து இரைச்சலாக வாசிக்கிற வகைகளாம். புது ஆல்பம் வெளியிடப் போகிறார்கள், அதைப் பதிவு செய்ய உங்கள் செட் வேண்டுமாம்.

"இந்தச் சத்தம் புது மிஷின்ல வராது அப்பாயி. பதிவு முடிஞ்சதும் கொண்டாந்துடுறேன்."

"நீ கொண்டாருவே. அந்தத் தாடிக்காரன் வித்துட்டு வருவான்."

"அவனுக்குத் தமிழ் தெரியும் அப்பாயி."

"தெரியட்டும்னுதான் சொல்றேன்."

எந்தப் பந்தலிலும் நீங்கள் பிள்ளையார் பாட்டுப் போடாமல் வேறு எதுவும் போட்டதில்லை. அதை முதலில் போடச் சொன்னேன். போட்டாள். அப்புறம் இந்த மாதம் வெளிவந்தவை என்று மற்ற குழுக்களின் பாட்டுகளைப் போட்டாள். எருமை நாற்றங்காலில் இறங்கிக் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கிற மாதிரி ஒரு நடை. உலை வைத்துச் சோறு வடித்துவிட்டு வந்தேன், அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிறவன் அடித்தொண்டையில் அலறினான்.

"யாருடி செத்தா?"

"யாரும் சாகல."

பிறகு எதற்கு இந்த ஓலம்? என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று பட்டது.

கடைசியில் தங்கள் பாட்டை வாசித்துக் காட்ட கிட்டாரைச் செட்டில் மாட்டினாள். கம்பியை ஒருதரம் தட்டிவிட்டு ஸ்பீக்கர் பக்கம் திரும்பி நின்றாள். செட் ஊளையிட்டது. நான் பாய்ந்து போய்ச் சத்தத் திருகைக் குறைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன், ஆனால் எந்தத் திருகு எதற்கென்று எனக்குத் தெரியாதா? நன்னிலம் கல்யாணத்தில் தாலி ஏறும் நேரம் செட் ஊளையிட்டு, நீங்கள் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்த நாளை மறந்துவிடவா முடியும்?

"ஐயோ அப்பாயி! அதான் பாட்டே. அது கத்தணும்."

எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் ஆயுள் முழுக்க அடக்கி வைத்ததை வேண்டுமென்றே அவிழ்த்துவிடுகிறார்கள். உங்களைக் கேலி செய்யவா உங்கள் செட்டையே கேட்டு வந்தார்கள்?

"உங்க தாத்தா இருந்திருந்தா முதுகுல ஒண்ணு வச்சிருப்பாரு."

அவள் கிட்டாரைக் கீழே வைத்தாள். "தாத்தாதான் அப்பாயி காட்டிக் கொடுத்தாரு. திருவிழா முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் மைக்கக் குழாய் ஸ்பீக்கர்கிட்ட கொண்டுபோவாரு. கத்தும். இப்படித் திருப்புனா ஒரு சத்தம், அப்படித் திருப்புனா வேற சத்தம். அவரே சிரிச்சுக்குவாரு. அப்பாயிகிட்ட சொல்லிடாதேம்பாரு."

தாடிக்காரனை விட்டுவிட்டேன். சந்தேகம் இப்போது உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. இத்தனை காலம் கூடவே வயர் சுருட்டினேனே, என்னிடம் ஏன் சொல்லவில்லை? நானும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி முகம் சுளிப்பேன் என்று நினைத்துவிட்டீர்களா?

எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர்கள் கார் டிக்கியைத் திறக்கப் போன நேரத்தில், செட் ஆறியிருந்தது, கண்ணாடி வால்வு ஒன்றைக் கழற்றி முந்தானையில் சுற்றிக்கொண்டேன். பந்தியில் உட்காரப் போகும்போது நீங்களும் இப்படித்தான் ஒன்றைக் கழற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வீர்கள், வேறு யாரும் செட்டைப் போட முடியாது. நான் இல்லாமல் இவர்களும் போட முடியாது.

நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன்; காரில் பின்சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வால்வு மடியில் இருக்கிறது. பெங்களூர் போனதும் நானே மாட்டிக் கொடுத்து, அது கத்துகிறபோது பக்கத்தில் நிற்கப்போகிறேன். எதைக் கேட்டு அப்படித் தனியாகச் சிரித்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?