‘செய்ய இயலாதவை’

அன்பு மகளுக்கு உன் அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, வயிறு எரிகிறது. போன செவ்வாய்க்கிழமை ராணுவ மருத்துவக் குழு உன் தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தது. பயிற்சியில் லாரி கவிழ்ந்து முதுகெலும்பு நொறுங்கியவனுக்கு எவ்வளவு ஊனம் என்று முடிவு செய்யத்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பாதிப்பு லேசானது, அடுத்த மாதமே லாரி ஓட்டலாம் என்று எழுதி மூன்று டாக்டர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இன்னொரு முறை முதுகில் அடி பட்டால் இரண்டு காலும் போய்விடும் என்று ஆபரேஷன் செய்தவர் எழுதிக் கொடுத்த தாள் அந்த ஃபைலிலேயே இருக்கிறது, ஒருவராவது புரட்டிப் பார்க்க வேண்டாமா.

அவர்களைத் திட்டி முடித்தால் உன் தம்பி மேல் பற்றிக்கொண்டு வருகிறது. நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன், கதவு பாதி திறந்திருந்தது. உட்காருங்க என்றார்கள், இவன் விறைப்பாக நின்றான். குனியச் சொன்னார்கள், பாதத்தையே தொட்டுக் காட்டினான். வலி எப்படி என்றால், ஒண்ணும் இல்ல சார் என்கிறான். படிவத்தில் ‘செய்ய இயலாதவை’ என்றொரு கட்டம், அதில் குண்டு குண்டாக ‘எதுவுமில்லை’ என்று எழுதியிருக்கிறான். வலி என்று சொன்னால் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்றுதான் ராணுவத்தில் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் போகும் முன் இரண்டு வலி மாத்திரை கொடுத்தது யார்? நான். சீருடையை இஸ்திரி போட்டு, ஊன்றுகோலை வண்டியிலேயே வைக்கச் சொன்னதும் நான்தான். நாலு பேர் முன்னால் பிள்ளை கோணிக்கொண்டு நிற்கக் கூடாது என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வீடு வந்து சேர்வதற்குள் மாத்திரையின் வேகம் விட்டுப்போய், டிரைவரும் நானுமாகத்தான் அவனை இறக்கினோம்.

முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். புதுப் படிவம் மேஜையில் கிடக்கிறது, தொட மாட்டேன் என்கிறான். என்னைக் கெஞ்சச் சொல்றியாம்மா, கூட இருந்தவங்க முகத்துல எப்படி முழிப்பேன் என்கிறான். உன் அப்பா பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பெரிய மனுஷன். நேற்று சாயங்காலம் பாப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இவன் முன்னால் வந்து நின்றாள். நீ வளந்துட்டே, இனிமே அப்பா தூக்கக் கூடாது என்கிறான். மூன்று வயசுக்கு வளர்ந்துவிட்டாளாம். அவள் கையை இறக்காமல் அப்படியே நின்றாள், மருமகள்தான் வந்து வாரிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

என் பேச்சு அவனிடம் எடுபடாது, நீ சொன்னால் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எப்படி இருக்கே என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்று உன் வாயை அடைத்துவிடுவான். பாப்பாவைக் கடைசியா எப்போடா தூக்கினே என்று கேள். சட்டென்று பதில் வராது, போனை வைத்துவிடாதே. வந்ததும், அதையே அந்தக் கட்டத்தில் எழுதச் சொல்.

குளிரில் வெறும் தலையோடு திரியாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை, மறக்காதே, இருபத்திரண்டு நாள்தான் மிச்சம்.

இன்னும் கோபம் ஆறாத உன்
அம்மா