படத்துக்கு நான் வைத்த பெயர்

ஜூன் 18, புதன்

விடிந்ததிலிருந்து காற்று. மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கிறது, இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு துளி இல்லை. கொடியில் போட்ட ஜாக்கெட் இரண்டும் பறந்து பக்கத்து வீட்டு மாடியில்.

கல்லூரி முடிந்து நேரே ராஜபாளையம். வாசகசாலை மாடி அறையில் உள்ளூர்க்காரர்களின் ஓவியக் கண்காட்சி, வெள்ளி முதல் ஞாயிறு வரை. நடத்துபவர் வெங்கட் சார், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். படங்களுக்குப் பெயர் அட்டை எழுதுவது என் வேலை. "உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும் மேடம். தமிழ் வேற நடத்துறீங்க, தப்பு வராது."

மொத்தம் முப்பத்தொன்று. அவற்றில் சில:
கோயில் கோபுரம் – 6
ராஜபாளையம் நாய் – 4 (ஒன்று ஆட்டைப் போல)
அருவி – 3, மூன்றும் ஒரே காலண்டரிலிருந்து
சிரிக்கும் குழந்தை – 1. பல் அதிகம்.

வரைந்தவர்கள் தலைப்பைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "இயற்க்கை". "கோபுற தரிசணம்". "அண்பு". ஒன்பது சீட்டில் பிழை. திருத்தினேன்.

ஒரு சீட்டில் "வாரேன்" என்று மட்டும். சேத்தூர் செல்வராணி என்று கீழே பெயர். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலையாம். அந்தத் துணியையே கஞ்சி போட்டு விறைப்பாக்கி, அட்டையில் ஒட்டி வரைந்திருக்கிறாள். பஸ் படியில் ஒரு கால் வைத்த ஆணின் முதுகு. தோளில் பை. அவ்வளவுதான். அறையில் இருக்கும் முப்பத்தொன்றில் படம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆனால் தலைப்பு? ஆள் போகிறார், சீட்டு "வாரேன்" என்கிறது. பேச்சு வழக்கு வேறு. "பிரிவு" என்று எழுதினேன். அட்டை நடுவில் அழகாக உட்கார்ந்தது. சீட்டுகளைக் கிழித்துக் குப்பையில் போட்டாயிற்று.

வெங்கட் சார் இங்கிருந்து பால்கோவா வாங்கி வரச் சொல்லியிருந்தார், மறந்துபோனேன்.

ஜூன் 19, வியாழன்

படம் மாட்டும் நாள். ஒரு ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. காற்றில் அட்டைகள் இரண்டு முறை பறந்தன. பிறகு இரட்டைப் பக்க டேப்.

செல்வராணி ஷிஃப்ட் முடிந்து வந்தாள். நாற்பது இருக்கும். தலையில் பஞ்சுத் தூசி. தன் படத்தின் முன்னால் நின்றவள், அட்டையை விரலால் தொட்டாள்.

"மேடம், இது எம் படத்துக்கா?"

"ஆமா. நீங்க எழுதினது பேச்சு வழக்கு. ஆள் போற மாதிரி வரைஞ்சிட்டு வாரேன்னு போட்டா, பாக்கிறவங்க குழம்புவாங்க."

"ஓ." அட்டையிலிருந்து விரலை எடுத்தாள். "நீங்க படிச்சவிய. சரியாத்தான் இருக்கும்."

முகத்தை ஏன் வரையவில்லை என்று கேட்டேன், பேச்சை மாற்ற. "மூணு தடவ போட்டேன் மேடம். அவர மாதிரி வரல. முதுகு நல்லா வந்துட்டு." சிரித்தாள். பிறகு, "நா எழுதிக் குடுத்த சீட்டு இருக்கா?" என்றாள். இல்லை என்றேன்.

அவள் போன பிறகு வெங்கட் சார் சொன்னது: கணவன் ஒன்பது வருடத்துக்கு முன்னால் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன். பிறகு தகவல் இல்லை. வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று சேத்தூரில் பேச்சு. இவளும் மாமியாரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். யார் என்ன சொன்னாலும் இரண்டு பேருக்கும் ஒரே பதில், "வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வீட்டிலிருந்து போன். "ஒஸ்தானு, ஒஸ்தானு" என்றார். தெலுங்கில் வாரேன். அங்கேயே இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

வெற்று அட்டை ஒன்று மீதி இருந்தது. பேனாவும் பையில். மாற்றி எழுத இரண்டு நிமிடம். எழுதவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"பிரிவு" என்ற சொல் அந்தப் படத்தில் இல்லை. என்னிடம் இருந்தது. என் வாசலில் நின்று ஒருவர் சொன்னது "போறேன்". அவரும் படித்தவர். சொன்னபடி செய்தார்.

ஜூன் 20, வெள்ளி

திறப்பு. மூன்று பொன்னாடை, நான்கு உரை. கலை வாழ்க்கையைச் செம்மைப்படுத்துகிறது என்று நான்கு பேரும். ஒருவர் தன் நாயைக் கூட்டிவந்து நாய்ப் படத்தின் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தார். நாய்க்குப் படத்தில் ஆர்வமில்லை.

செல்வராணிக்கு லீவு கிடைக்கவில்லை. நாளை மாமியாரைக் கூட்டி வருகிறாளாம்.

அட்டை அப்படியே.

மின் கட்டணம். கேஸ் புக் செய்ய வேண்டும்.

ஜூன் 21, சனி

எழுதாமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். செல்வராணி, மாமியார் மாரியம்மாள், கான்சாபுரத்தில் கட்டிக்கொடுத்த நாத்தனார். மாமியாருக்குப் பட்டுக்கரை சேலை. மற்ற படம் எதையும் பார்க்காமல் நேரே வந்து நின்றார். நெடுநேரம் பார்த்தார்.

"எம்மவன் தோளு. இடது பக்கம் எறங்கித்தான் இருக்கும். எம்புட்டு சரியா போட்டிருக்கா பாரேன்." பிறகு மகளிடம், "கீழ என்னட்டி எழுதியிருக்கு?"

"பிரிவுன்னு போட்டிருக்கும்மா."

"யாரு பிரிஞ்சது?"

மாமியார் செல்வராணி பக்கம் திரும்பினார்.

"நீயும் பக்கத்துலதான நின்ன செல்வி? வாரேம்மான்னுதான சொன்னான்? போறேன்னா சொன்னான்?"

"வாரேன்னுதான் சொன்னாவ, அத்தை."

"பொறவு இத ஆரு எழுதினது?"

செல்வராணி என்னைப் பார்த்தாள். நான் பார்வையாளர் நோட்டோடு நான்கு அடி தள்ளி நின்றிருந்தேன். அப்போது ஒருவர், "மேடம், பாத்ரூம் எங்க?" என்றார். படிக்குக் கீழே, இடது பக்கம், சுவிட்ச் வெளியே இருக்கும், கதவு கொஞ்சம் இழுக்கும் என்று விவரமாகச் சொன்னேன்.

திரும்பியபோது அவள் பதில் சொல்லி முடித்திருந்தாள். "நாந்தான் அத்தை. தெரியாம எழுதிட்டேன்."

"ஊரு பூரா சொல்லிச்சு. நீ ஒருத்தி சொல்லல. அதுக்குத்தான் இம்புட்டு வருசமும் உங்கூடக் கெடந்தேன்." குரல் உயரவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். செல்வராணி பின்னாலேயே.

"நான் எழுதினது" என்று இரண்டு சொல், வாயில் வரவில்லை. வகுப்பில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஐந்து மணிக்கே விழிப்பு. புது அட்டையில் "வாரேன்" என்று எழுதினேன். அவசரத்தில் ரே கோணிவிட்டது, வேறு அட்டை இல்லை. முதல் பஸ்ஸில் போய், கதவு திறந்ததும் பழையதைப் பிய்த்துப் புதியதை ஒட்டினேன். நோட்டில் நேற்றைய கருத்துகள்: "சூப்பர்", "பிரிவு படம் கண்கலங்க வைத்தது".

மத்தியானம் செல்வராணி தனியாக வந்தாள். அட்டையைப் படித்தாள்.

"நல்லாருக்கு மேடம். அத்தைதான் நேத்தே மகளோட கான்சாபுரம் போயிட்டாவ."

"உங்க அத்தைகிட்ட நான் வந்து சொல்றேன். நான்தான் எழுதினேன்னு. கான்சாபுரத்துக்கே வர்றேன்."

"வேண்டாம் மேடம்."

"என் தப்பு, நான்தான சொல்லணும்?"

"நேத்தே சொல்லியிருந்தா நம்பியிருப்பாவ. இப்ப நீங்க வந்தா, நா கூட்டிட்டு வந்து சொல்ல வைக்கேன்னு நெனைப்பாவ." பையின் காதை முறுக்கிக்கொண்டே சொன்னாள். "காலைல நாத்தனா வீட்டுக்காரரு வந்து அவிய சேலைப் பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு."

மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வேணும்னேயா செஞ்சீங்க?" என்றாள். நான் பார்வையாளர் நோட்டை எடுத்து மூடி வைத்தேன்.

ஐந்து மணிக்கு முடிவு. எல்லோரும் அவரவர் படத்தைக் கழற்றினார்கள். கோபுரங்கள் ஆறும் ஒரே ஆட்டோவில். "வாரேன் மேடம்", "வாரேன் சார்", "அடுத்த வருசம் பெரிய நாயா கொண்டாரேன்" என்று படி முழுக்கச் சத்தம். நானும் போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

செல்வராணி கடைசி. படத்தைப் பேண்டேஜ் துணியில் சுற்றிக் கட்டினாள். அட்டையை எடுக்கவில்லை, சுவரிலேயே விட்டுவிட்டாள். வாசலில் திரும்பினாள். நான் வழக்கம்போல முந்திக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றேன்.

"போறேன் மேடம்" என்றாள்.