இடப் பக்கத்துப் பெட்டி

ஒக்டோபர் 9, வியாழன்

ஓட்டமாவடியில் வாங்கிய பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் இன்று துடைத்து நிறுத்தினேன். இடுப்பளவு உயரம். ஒன்றின் துவாரத்துக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைச் சுரண்டியெடுத்து, வயர் முனைகளில் பிடித்திருந்த களிம்பையும் தேய்த்தேன். பாட்டுப் போட்டால் இடப் பக்கத்துப் பெட்டி மங்கலாகக் கேட்டது.

உடனே விற்றவருக்குப் போன் எடுத்து, பெட்டி பழுது என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

"பாத்துத்தான் தந்தன், சேர். பிழை எண்டா நாளைக்கு நானே வந்து ஏத்திட்டுப் போறன்" என்றார்.

பிறகுதான் யோசித்தேன். வகுப்பில் யார் சத்தம் போடுவது என்று தெரியாவிட்டால் இரண்டு பிள்ளைகளை இடம் மாற்றி இருத்துவோம் அல்லவா? பெட்டிகளை இடம் மாற்றினேன். இப்போதும் இடப் பக்கம்தான் மங்கல். அம்ப்ளிபயரில் வயர்களை மாற்றினேன். அப்போதும் அப்படியே. கடைசியில் கதிரையைத் திருப்பி, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி இருந்தேன். மங்கல் மற்றப் பெட்டிக்குப் போய்விட்டது.

மனைவி சிரித்தாள். "புள்ளையளச் சுவரப் பாத்து நிப்பாட்டின பாவம், இப்ப நீங்க இருக்கிறீங்க."

"உனக்கு எப்பிடிக் கேக்குது?"

"ரெண்டும் ஒரே மாதிரித்தான். ஏன்?"

"சும்மாதான்" என்றேன்.

இடக் காதில் வெறும் அழுக்காகவும் இருக்கலாம். எத்தனை நாளாக இப்படி என்றும் தெரியவில்லை. விடிந்ததும் அந்த மனிதருக்குப் போன் எடுத்து, பெட்டியில் பிழையில்லை என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். "அப்ப எதில சேர் பிழை?" என்பார். இவள் பக்கத்தில் நிற்பாள்.