நொச்சிமேட்டின் முன்னுரிமைகள்

நொச்சிமேடு
29-3-1961

அன்புள்ள சவரிநாதனுக்கு,

வெள்ளைச்சாமி எழுதுவது. வேலம்மாளும் நானும் சௌக்கியம். நீயும் பேட்ரிசியாவும் பிள்ளைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு கார்டு கூட வராததால் நானாகவே அப்படி நினைத்துக்கொள்கிறேன். பாலக்கரைக்கும் நம் ஊருக்கும் நடுவில் இரண்டு ஆறு ஓடுகிறது, வாஸ்தவம்தான். ஆனால் தபால் பஸ்ஸில்தானே வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பஞ்சாயத்துத் தலைவராகி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை உங்கள் ஆபீஸிலிருந்து வந்த காகிதமெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. வாத்தியார் அடைக்கலராஜ் படித்துச் சொல்வார், நான் கையெழுத்துப் போடுவேன், ஒரு குழப்பமும் இல்லை. போன வாரம் முதல் தடவையாகத் தமிழில் ஒரு சர்க்குலர் வந்தது. அதுதான் ஒருவருக்கும் புரியவில்லை. "பொருள்: அபிவிருத்தியும் பாதுகாப்பும். தங்கள் ஊராட்சியின் முன்னுரிமைகளைப் பொதுக் கூட்டத்தில் தீர்மானித்து, வரிசைப்படுத்தி, 25-4-61க்குள் அனுப்புக." அவ்வளவுதான் இருக்கிறது.

முன்னுரிமை என்றால் என்னப்பா? வாத்தியார் ஓர் அர்த்தம் சொல்கிறார், மேட்டுத்தெரு கிளமென்ட் ஓர் அர்த்தம் சொல்கிறான். பஸ் நிற்கும் இடத்தில் கடை வைத்திருக்கிற நிஜாமுதீன், இது புது வரிக்குப் பேர் என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. நீ அந்த ஆபீஸிலேயே இருப்பவன். நீ சொல்வதுதான் அர்த்தம் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு கவலை. ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிற வள்ளிக்கண்ணுவுக்கு ஆவணியில் பிரசவம். தலைப்பிள்ளை, தாய்வீடு என்று இங்கேதான் அழைத்து வர வேண்டும். ஜூனில் தண்ணீர் விட்டுவிட்டால் வாய்க்காலில் வண்டி இறங்காது. குறுக்கே கிடக்கிற அந்தப் பழைய பனைமரத்தின் மேல் நடந்துதான் அவள் ஊருக்குள் வர வேண்டும், வலி கண்டால் அதே மரத்தின் மேல்தான் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். உன் அக்கா வியாகுலம் அதிலிருந்து விழுந்து போன நாளிலிருந்து நீ இந்தப் பக்கமே வரவில்லை. உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலம் கேட்டுத் தனியாக ஒரு மனு போடலாமென்று இருக்கிறேன். முதலில் இந்த முன்னுரிமை தீரட்டும்.

உன்,
வெள்ளைச்சாமி


பாலக்கரை, திருச்சி
8-4-1961

அன்புள்ள தலைவர் அவர்களுக்கு,

அப்படித்தானே இனி உன்னைக் கூப்பிட வேண்டும். ஈஸ்டர் நல்லபடியாகப் போனது. பேட்ரிசியா உன் வீட்டு முறுக்கைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லை. காகிதமெல்லாம் தமிழுக்கு மாறுவதால் எல்லாக் கட்டும் என் மேஜைக்கே வருகிறது. அதனால்தான் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்ட வார்த்தை யாருடையது என்று தெரியுமா? என்னுடையதுதான். இங்கிலீஷ் சர்க்குலரைக் கொடுத்து, மாலைக்குள் தமிழில் வேண்டும் என்றார் அதிகாரி. இரண்டு மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து அந்த வார்த்தையைப் பிடித்தேன். அதிகாரி ஒரு புள்ளியைக் கூட மாற்றவில்லை. நீ புரியவில்லை என்று எழுதியிருக்கிறாய், எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஊரைக் கூட்டு. முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று முடிவு செய்து நம்பர் போட்டு எழுது. சண்டை வரும், வரட்டும். தலைவர் என்று நீ எதற்கு இருக்கிறாய்? தேதி மட்டும் தாண்டக் கூடாது. சமயபுரம் தேர் சமயத்தில் பஸ்ஸெல்லாம் நெரிசலாக இருக்கும், அதையும் யோசித்துத் தபாலில் சேர்.

வேலம்மாளுக்கும் வள்ளிக்கண்ணுவுக்கும் எங்கள் அன்பு.

உன்,
சவரிநாதன்


நொச்சிமேடு
23-4-1961

அன்புள்ள சவரிக்கு,

நீ சொன்னபடி ஊரைக் கூட்டினேன். நீ சொன்னபடி சண்டையும் வந்தது. இது எப்படி உனக்கு முன்கூட்டியே தெரிந்தது என்று எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள்.

முதலிடம், இரண்டாமிடம் என்று நீ எழுதியதைப் படித்ததும் வாத்தியார், "நான் சொன்னது சரியாப் போச்சு" என்றார். முன் என்றால் முன்னால், உரிமை என்றால் உரிமை. ஊரில் யாருக்கு முன்னாலிருந்து உரிமை என்று சர்க்கார் கேட்கிறது. திருவிழாவில் முதல் விபூதி யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்கிற மாதிரி. இதில் எழுதிவிட்டால் இனி மாற்ற முடியாதாம். அவ்வளவுதான், அவனவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பத்திரத்தையெல்லாம் எடுத்து வந்துவிட்டான். கிளமென்ட் தன் தாத்தாதான் இங்கே முதல் வீடு கட்டினார் என்றான். நிஜாமுதீன் முதல் கிணறு வெட்டியது தன் பாட்டனார் என்றார். சுள்ளி மேட்டு வீரமலை ஊன்றுகோலைத் தரையில் தட்டித் தட்டி, காளி கோயிலுக்கு முதல் கல் வைத்தது தன் வம்சம் என்றார். உன்னிடம் மறைப்பானேன், நானும் சும்மா இருக்கவில்லை. முதலிடத்தில் என் தாத்தா பெயரை எழுதி, மையும் காய்ந்துவிட்டது.

அப்போது பால்காரி காளியாயி எழுந்தாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"முன்னால போனது எங்க வீட்டு ஆளுதாங்க. மருதைக்கு அப்புறந்தான் மத்தவங்க அந்த வாய்க்கால்ல போனாங்க. முன்னால இருக்கிற உரிமைன்னா அவரு பேரை முதல்ல எழுதுங்க."

சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை. கிளமென்ட்தான் தலையைக் குனிந்துகொண்டே, "ரெண்டாவது வியாகுலம் அக்கா" என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள், நான் எழுதினேன். என் தாத்தா பெயரை நானே அடித்துவிட்டேன்.

இது சரியா தப்பா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. சர்க்கார் கேட்டது இதுதானா என்று வாத்தியாருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் ஊர் மொத்தமும் ஒப்புக்கொண்ட பட்டியல், என் ஞாபகத்தில் இது ஒன்றுதான். இதே தபாலில் ஆபீஸுக்கு அனுப்பியிருக்கிறேன், உன் மேஜைக்குத்தான் வரும். வந்ததும் ஒரு வரி எழுது. பாலத்து மனுவை அடுத்த வாரம் நேரில் கொண்டு வருகிறேன்.

உன்,
வெள்ளைச்சாமி


திருச்சி
2-5-1961

தலைவர், நொச்சிமேடு ஊராட்சி.

தாங்கள் அனுப்பிய பட்டியல் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. பணிகள் எதுவும் குறிப்பிடப்படவில்லை. தனிநபர் பெயர்கள் ஏற்கத்தக்கவை அல்ல. நடப்பு ஆண்டுக்கான பணிகள் பட்டியலிலிருந்து மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். தனி மனுக்கள் கவனிக்கப்பட மாட்டா. காலக்கெடு முடிந்துவிட்டபடியால் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவும்.

சவரிநாதன், எழுத்தர்

வெள்ளை, மேலே இருப்பது ஆபீஸ் பாஷை, இது நான். என்னப்பா இப்படிச் செய்துவிட்டாய்? ரோடு, கிணறு, விளக்கு, எது அவசரமோ அதை முதலில் எழுது என்றுதான் கேட்டிருந்தது. நீ கல்யாணப் பத்திரிகை மாதிரி பெயர் பெயராக அனுப்பியிருக்கிறாய். உன் கடிதத்தில் கிணறு வெட்டின சண்டை வரை படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். பட்டியலில் முதல் பெயரைப் பார்த்ததும் இது ஆகாது என்று மடித்துவிட்டேன். அறுபது ஊர்க் காகிதம் குவிந்து கிடக்கிறது. அடுத்த வருஷம் நானே உனக்கு எழுதித் தருகிறேன். அதுவரை மனு கினு என்று எதையும் கொண்டு அலையாதே.

சவரி


நொச்சிமேடு
10-5-1961

எழுத்தர் அவர்கள் சமூகத்துக்கு,

தாங்கள் திருப்பிய பட்டியல் கிடைத்தது. மடித்த மடிப்பு மடித்தபடியே இருந்தது. தாங்கள் படிக்க நேரமில்லாததை இங்கே திரும்பவும் எழுதுகிறேன்.

1. மருதை. காளியாயியின் புருஷன். 1934, ஆடி. பால் குடத்தோடு.
2. வியாகுலம்மாள். 1939, ஐப்பசி. கோயிலுக்குப் போகையில்.
3. சுராயா. நிஜாமுதீனின் தங்கை. 1948, புரட்டாசி. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகையில்.
4. வீரமலை. 1957, கார்த்திகை. உயிர் பிழைத்தார், இடது கால் போயிற்று.
5.

ஐந்து என்று வாத்தியார் முதலிலேயே நம்பர் போட்டுவிட்டார். அடிக்கக் கை வரவில்லை.

பணி என்னவென்று எழுதவில்லை என்கிறீர்கள். இந்த ஐந்து வரியையும் படித்தவருக்கு அது தெரியாமல் இருக்காது என்று நினைத்துவிட்டோம். எங்களுக்குத் தமிழ் போதவில்லை. மேட்டூரில் ஜூன் பன்னிரண்டாம் தேதி தண்ணீர் விடுவார்கள். வள்ளிக்கண்ணுவை அழைத்து வர வேண்டாம் என்று சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். வேலம்மாள் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை.

இப்படிக்கு,
வெ. வெள்ளைச்சாமி, தலைவர்


பாலக்கரை
19-5-1961

வெள்ளை,

என்னை எழுத்தர் என்று கூப்பிட்டுவிட்டாய். கூப்பிட வேண்டியதுதான்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். நேரமில்லாமல் மடிக்கவில்லை. உன் முதல் கடிதத்தில் அக்கா பெயர் வந்த இடத்தோடு மடித்தேன், அதனால் பாலத்தைப் பற்றி நீ எழுதியதே எனக்குத் தெரியாது. இரண்டாவது கடிதத்தில் காளியாயி எழுந்ததும் மடித்தேன். பட்டியலில் மருதை என்று பார்த்த உடனே அடுத்து என்ன பெயர் வரும் என்று தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயர் வருகிற இடத்திலெல்லாம் நான் எழுந்து போய்விடுகிறேன். வீட்டில் பேட்ரிசியா கூட அதைச் சொல்வதில்லை. அன்றைக்கு அக்கா என்னையும் பூசைக்குக் கூப்பிட்டாள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். கை பிடிக்க நான் போயிருக்க வேண்டியவன்.

எல்லாக் கடிதத்தையும் நேற்று முழுதாகப் படித்தேன். இன்று நீ திரும்ப எழுதிய பட்டியலை எடுத்துக்கொண்டு அதிகாரி முன்னால் நின்றேன். வார்த்தை நான் போட்டது, ஊர்க்காரர்கள் மேல் குற்றமில்லை, திருப்பி அனுப்பியதும் என் தவறுதான் என்று சொன்னேன். அவர் படித்துக்கொண்டே வந்து ஐந்தாவது நம்பரில் நிறுத்தினார்.

"இது என்னய்யா, பேரு விட்டுப் போச்சா?"

"இன்னும் போகலைங்க" என்றேன்.

அவர் பட்டியலை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு ஓவர்சியரைக் கூப்பிட்டு, நேரில் போய்ப் பார்த்து எழுதும்படி சொன்னார். பாலம் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், இனி எதையும் படிக்காமல் சொல்லமாட்டேன். ஆனால் 28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஓவர்சியர் வருகிறார். வழி காட்ட ஆள் வேண்டும் என்றார். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா போன பிறகு அந்த மரத்தில் நான் கால் வைத்ததில்லை.

நீ கரைக்கு வருவாயோ மாட்டாயோ, தெரியவில்லை. வராவிட்டாலும் உன் மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சவரி


நொச்சிமேடு
24-5-1961

சவரி,

கார்டு போதும் என்று கார்டில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊரே கரைக்கு வரும். காளியாயி முன்னால் நிற்பாள். முறுக்குக்கு அரிசி ஊறப் போட்டாகிவிட்டது. வேலம்மாள் பேசுகிறாள்.

ஓவர்சியர் பிடித்துக்கொள்ள மரத்துக்குப் பக்கத்தில் கயிறு கட்டி வைக்கலாமா என்று கிளமென்ட் கேட்டான். வேண்டாம் என்றேன். எங்கள் ஜனம் எப்படி நடக்கிறதோ அப்படியே அவரும் நடந்து பார்க்கட்டும். வாய்க்காலில் இப்போது தண்ணீர் இல்லை, விழுந்தாலும் சேறுதான்.

நீ செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள். கீழே பார்க்காதே. உனக்கு மட்டும் நான் பாதி மரம் வரை வந்து கை கொடுக்கிறேன்.

வெள்ளை